முடியாத விரதம்

என் தம்பி வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே வாசலிலிருந்து குரல் கொடுப்பான். "அக்கா, இன்னா கொழம்பு?" அடுப்படியில் நிற்பது அம்மா. எனக்குச் சமையலறையில் தண்ணீர் குடிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது என்பது அவனுக்கும் தெரியும். செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர் நான். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தினமும் ரயிலில் போய்வந்து, திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருப்பேன். ஆனாலும் கேள்வி எனக்குத்தான் வரும்.

"ம்... உன் தலை" என்பேன்.

"தலக்கறியா? அப்ப ரெண்டு தட்டு சோறு போடு."

இது தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா ஏரிக்கரைப் பக்கம் இருந்த நிலத்தில் ஒரு துண்டை விற்று அவனுக்கு ஒரு பழைய அம்பாசடர் வாங்கிக் கொடுத்திருந்தார். செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசல் டாக்ஸி ஸ்டாண்டில் நிற்பான். மாமல்லபுரம் போகிற வெள்ளைக்காரர்கள்தான் அவனுக்குச் சவாரி. கார் ஓட்டுவதில் பாதி வேலை காத்திருப்பது. அவர்கள் கோயிலைப் பார்த்து, கடலில் குளித்து, லாட்ஜில் தூங்கி எழுந்து வரும்வரை இவன் வண்டியின் நிழலில் கிடக்க வேண்டும். அங்கே இவனைப் போலவே காத்துக்கிடக்கும் டிரைவர்கள் சிலர் இருந்தார்கள். குளிர்காலம் முழுக்கத் தங்கும் வெள்ளைக்காரப் பையன்களும் இருந்தார்கள். ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்குப் போய்க்கொண்டிருந்த கஞ்சா பீடி ஒருநாள் இவன் கைக்கும் வந்தது.

எங்கள் பக்கத்தில் கெட்ட பழக்கம் என்றால் சாராயம். அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை. டிரைவர் தொழிலில் இருந்துகொண்டு சாராயம் தொடாத பிள்ளை என்று அம்மாவுக்கு அத்தனை பெருமை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட அதைச் சொல்லுவாள். கஞ்சா என்பது கோயில் வாசலில் காவி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களின் சமாச்சாரம். அது சாமிக்கு உகந்த மூலிகை என்றுகூடச் சிலர் சொல்வார்கள். அதனால் அவன் சட்டையில் அந்த வாசனை வந்தபோது வெள்ளைக்காரர்கள் ஏதோ ஊதுபத்தி கொளுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உண்மை இதுதான்: முதல் ஒன்றிரண்டு வருஷம் அந்தப் புகை அவனை நல்ல பிள்ளையாக வைத்திருந்தது. கோபமே வராது. நன்றாகச் சாப்பிடுவான். அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பை உலகத்திலேயே பெரிய விருந்து போலப் புகழ்வான். என் பள்ளிக்கூடக் கதைகளைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். வீட்டில் வேறு யாரும் என் கதையைக் கேட்டதில்லை.

பிறகு தூக்கம் போயிற்று. சாப்பாடு குறைந்தது. வண்டியைக் கழுவிக்கொண்டிருப்பவன் சட்டென்று நிமிர்ந்து தெருவைப் பார்ப்பான். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மெதுவான குரலில் சொன்னான்.

"அக்கா, மாபல்லிபுரம் லைட்ஹவுஸ் கீதுல்ல? அது சுத்தி சுத்தி எல்லாரையும் பாக்குதுன்னு நெனச்சிகினு இருந்தேன். இல்லக்கா. அது என்னைத்தான் தேடுது."

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சொன்னான். ஜன்னல்களுக்கு என் பழைய விடைத்தாள்களை ஒட்டி வைத்தான், வெளிச்சம் உள்ளே வந்து வேவு பார்க்கக் கூடாதாம். அம்மா தாயத்து கட்டினாள், எலுமிச்சம்பழம் நறுக்கினாள், யாரோ செய்வினை வைத்துவிட்டதாகச் சொல்லி ஒருவரைக் கூட்டிவந்து புகை போட்டாள். ஏற்கனவே புகையால் கெட்டவனுக்கு இன்னொரு புகை. நான் அப்பாவிடம் சண்டை போட்டு அவனை மனநல டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் நடுவயதுக்காரர், நிதானமாகப் பேசினார். "குடிப்பாரா?" என்று கேட்டார்.

"சத்தியமா இல்ல டாக்டர்" என்றாள் அம்மா. "ஒரு கெட்ட பயக்கம் கெடையாது எம் புள்ளைக்கு."

டாக்டர் அவனுடைய கறை படிந்த விரல் நுனிகளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க தம்பி. என்ன புடிக்கிறீங்க?"

"கஞ்சா சார்" என்றான் அவன், டீ குடிப்பேன் என்று சொல்வதைப்போல. "டெய்லி. அது செடிதான சார்?"

அம்மா முகத்தில் அதிர்ச்சியே இல்லை. அதுவா, சாராயம் இல்லையே என்கிற நிம்மதிதான் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே அழுதுவிட்டேன்.

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மூளையில் ஒரு நரம்பிலிருந்து இன்னொரு நரம்புக்குச் சேதி கொண்டுபோகும் ரசாயனங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றுதான், எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று நமக்கு உணர்த்துகிறது. கஞ்சாப் புகை அந்தக் கணக்கைக் குலைத்துப்போடும். பலருக்குப் புகை இறங்கியதும் பழையபடி ஆகிவிடும். சிலருக்கு அந்த ரசாயனம் அடங்குவதே இல்லை. அப்போது சும்மா சுழல்கிற விளக்குகூடத் தனக்கென்று ஏதோ சொல்வதாகப் படும். அது நடிப்பில்லை, திமிரில்லை, பேயும் இல்லை.

"இவனோட சேர்ந்து இத்தனை பேர் பிடிச்சாங்களே டாக்டர், அவங்கல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?"

"சிலர் உடம்பு தாங்கும்மா. சிலருக்குப் பிறவியிலேயே உள்ளுக்குள்ள ஒரு பலவீனம் இருக்கும். கஞ்சாவாலதான் வந்ததா, உள்ள தூங்கிக்கிட்டு இருந்ததை அது எழுப்பி விட்டுச்சா, என்னால உறுதியா சொல்ல முடியாது. யாருக்கு வரும்னு முன்கூட்டிச் சொல்ற பரிசோதனையும் இல்ல."

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் வருஷா வருஷம் செய்துகாட்டும் பரிசோதனை ஒன்று உண்டு. பியூரெட் என்கிற கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். குடுவையில் நிறங்காட்டி கலந்து வைத்த அமிலம் நிறமே மாறாமல் தண்ணீர் மாதிரி இருக்கும். ஏதோ ஒரு சொட்டில் மொத்தமும் ரோஜா நிறமாகிவிடும். அது எந்தச் சொட்டு என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்லிவிடலாம், குடுவையில் இருப்பது என்னவென்று தெரிந்தால். என் தம்பிக்குள் என்ன இருந்தது என்பது பெற்றவளுக்கே தெரியாது.

கஞ்சாவை அடியோடு நிறுத்த வேண்டும், மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது, இந்த இரண்டும் சரியாக நடந்தால் அடுத்த வருஷம் வண்டி ஓட்டலாம் என்றார் டாக்டர். அம்பாசடர் கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்தது. என் தம்பி மறுபடி அதை ஓட்ட வேண்டும், வாசலில் நின்று குழம்பைக் கேட்க வேண்டும். எனக்கு அதற்கு மேல் எந்த ஆசையும் இருக்கவில்லை. எனக்கு வந்துகொண்டிருந்த வரன்கள் அந்த வருஷத்தோடு நின்றுபோயின. ஊர் வாயை மூட உலைமூடி கிடைக்குமா? அதை நினைத்து அழ எனக்கு நேரமும் இல்லை.

மாத்திரை வேலை செய்தது. லைட்ஹவுஸ் அவனைத் தேடுவதை விட்டது. ஆனால் வாய் வறண்டுபோயிற்று, கை நடுங்கிற்று, உட்கார்ந்த இடத்திலேயே பாதி நாள் கண் சொருகியது. வீட்டில் எல்லோரும் அதைத் தூக்க மாத்திரை என்றே சொன்னார்கள். இல்லை, இது வேறு என்று நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "கால்ல ஈயத்த காச்சி ஊத்தினாப்ல கீதுக்கா" என்பான் அவன். கஞ்சா ஆசையும் முழுசாகப் போகவில்லை. பழைய டிரைவர்கள் வந்தால் அவன் கண் அவர்கள் சட்டைப் பையில் இருக்கும்.

கார்த்திகை மாதம் பிறந்தது. எங்கள் ஊரில் குடிகாரப் புருஷனைத் திருத்த ஒரு வழி உண்டு. சபரிமலைக்கு மாலை போட வைத்துவிடுவார்கள். மாலை கழுத்தில் ஏறிவிட்டால் எவ்வளவு பெரிய குடிகாரனும் பாட்டிலைத் தொடமாட்டான். கடவுள் பயம், அதைவிட ஊர் பயம். ஒரு மண்டலம் பெண்டாட்டி நிம்மதியாகத் தூங்குவாள். அம்மா அதே வைத்தியத்தைத் தம்பிக்குச் செய்தாள். அவனும் ஆசையாகத்தான் சம்மதித்தான். சைக்கிள் கடை வைத்திருந்த குருசாமி மாலை போட்டுவிட்டார். நல்ல மனிதர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர். அவர் சொன்னது எல்லோருக்கும் சொல்கிற விஷயம்தான்: "போத வஸ்து எதுவும் கிட்டயே வரக் கூடாது சாமி."

கறுப்பு வேட்டி, வெறுங்கால், பச்சைத் தண்ணீர்க் குளியல். அப்பா, அம்மா, நான், எல்லோரும் அவனுக்குச் சாமிதான். வீட்டில் மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்தாயிற்று. கஞ்சாவின் பேச்சே இல்லை. சில நாள் கழித்து அவனே என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

"அந்தப் போத மாத்திரையும் வுட்டாச்சு சாமி. எல்லாத்தையும் ஒரே மூச்சுல வுட்டேன்."

வீடு இரண்டுபட்டது. நான் கத்தினேன். அம்மா என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள். "மாலையப் போட்டுகினு போத மாத்திர போட்டா தெய்வ குத்தம்டி. அவன் மூஞ்சியப் பாரு, எப்டி கீறான்னு பாரு. உன் டாக்டர் இவ்ளோ நாளா செய்யாதத ஐயப்பன் செஞ்சிகினு கீறான்."

அம்மா சொன்னது பொய்யில்லை, அதுதான் கொடுமை. கை நடுக்கம் நின்றிருந்தது. முகத்தில் வீக்கம் வடிந்து, கண்ணில் ஒளி வந்திருந்தது. கொட்டகைக்குப் போய் வண்டியைத் துடைத்தான். பின்னால் டாக்டர்தான் விளக்கினார்: மாத்திரையை நிறுத்தினால் அதன் தொந்தரவுகள் முதலில் போய்விடும், ஆள் தெளிந்தது போல இருக்கும், நோய் பொறுமையாகப் பின்னாலேயே வரும். நான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தேன். "மலைக்குப் போய்ட்டு வந்து பாத்துக்கலாம்" என்றார் அப்பா. என் ஒருத்தி வாய் அந்த வீட்டில் எடுபடவில்லை.

இருமுடி கட்டும் நாள் வந்தது. குருசாமி வீட்டு முற்றத்தில் ஒவ்வொருவராக உட்கார்ந்து தேங்காய்க்குள் நெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சரணம் சொல்லும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. தம்பியின் முறை வந்தது. நெய்க்கிண்ணத்தை முகர்ந்து பார்த்தான். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"இதுல மாத்திரையக் கலந்து வெச்சிகீறீங்க."

"சாமி, அது நெய்யி சாமி" என்றார் குருசாமி.

"என் விரதத்தக் கெடுக்கப் பாக்கறீங்க. லைட்ஹவுஸ்காரன் இன்னா குடுத்தான் உங்களுக்கு?"

தேங்காயால் குருசாமியின் நெற்றியில் அடித்தான். ரத்தமும் நெய்யும் சேர்ந்து வழிந்தது. நாலு பேர் தம்பியைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோவில் ஏற்றினார்கள். திமிறியவனின் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருந்த அப்பாவின் கையில் மாலை அறுந்துவிட்டது. மணிகள் ஆட்டோவுக்குள்ளும் தெருவிலும் உருண்டன. என் தம்பி அடங்கியது அப்போதுதான். மணிகளைப் பார்த்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

மலைக்குப் போய்வந்து, தேங்காய் உடைத்து, முறைப்படி மாலையைக் கழற்றினால்தான் விரதம் முடியும். அவன் மலைக்கும் போகவில்லை, மாலையை யாரும் கழற்றவும் இல்லை. அதனால் அவனைப் பொறுத்தவரை விரதம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் கறுப்பு வேட்டிதான், வெறும் தரைதான். தாடியைத் தொடவிடவில்லை. மறு வருஷம் மலைக்கு அழைத்துப் போகலாம் என்றால், அறுந்த மாலையோடு எப்படிப் படியேறுவது என்று கேட்டான். புது மாலை போடலாம் என்றால், பழையதைக் கழற்றாமல் புதுசு எப்படிப் போடுவது என்றான். பைத்தியத்துக்கு நியாயம் தெரியாது என்கிறவர்கள் என் தம்பியோடு ஒரு மணி நேரம் பேசிப் பார்க்க வேண்டும்.

மாத்திரையை வாயருகே கொண்டுபோனாலே துப்பினான். வேறு வழியில்லாமல் அம்மா அதைப் பொடித்துச் சர்க்கரைப் பொங்கலில் கலந்தாள். சில மாதம் ஓடியது. ஒருநாள் அம்மிக் குழவியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தான். அன்றிலிருந்து அம்மா கையால் ஒரு பருக்கை சாப்பிடவில்லை. சாப்பாட்டில் மாத்திரை கலக்கிறார்கள் என்று அவன் சொன்னதைப் பைத்தியம் என்றோம். பிறகு அதையே நாங்கள் செய்தோம்.

இளைத்துத் துரும்பானவனை மறுபடி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். மாதத்துக்கு ஒரு தடவை போடுகிற ஊசி இருக்கிறது என்றார். "ஊசி வாய் வழியாப் போவாதே சாமி. அது விரதத்துல சேராது" என்று தம்பியே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான். அன்றிலிருந்து மாதாமாதம் நானே பள்ளிக்கு அரைநாள் விடுப்பு போட்டு அவனை அழைத்துப்போவேன். இனி சோற்றில் மாத்திரை இருக்காது என்று அம்மா கையால் மறுபடி சாப்பிட்டான். ஊசி அவனைக் கட்டிவைத்தது. அவன் காதில் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் தூரத்துக்குப் போயின, முழுசாகப் போகவில்லை. ஆள் மரக்கட்டை போல ஆனான். நடந்தால் கை வீசாது. வாயோரம் எச்சில் நிற்பது அவனுக்கே தெரியாது. சிரிப்பு அடியோடு போயிற்று.

வருஷங்கள் அப்படியே போயின. அம்பாசடரை விற்றோம். அப்பா போய்ச் சேர்ந்தார். மாலையில் இருக்கிறவன் இழவில் கலக்கக் கூடாது என்று தம்பி தெருக்கோடியில் போய் நின்றான். ஜிஎஸ்டி ரோட்டில் கம்பெனிப் பஸ்கள் வரிசை கட்டின. என்னிடம் படித்த பிள்ளைகள் கழுத்தில் அட்டை தொங்க அதில் ஏறிப் போனார்கள். எங்கள் வீட்டில் மட்டும் கார்த்திகை முடியவே இல்லை. மீன் சட்டி பரணில் கிடந்தது. அவன் என்னைச் சாமி என்றே கூப்பிட்டான். எவ்வளவோ தடவை, "நான் உன் அக்காடா" என்று சொல்லிப் பார்த்தேன். "சரிங்க சாமி" என்பான். அந்த ஒரு சொல்லுக்கு நான் எப்படி ஏங்கினேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய பழைய ஸ்டாண்டு நண்பர் ஒருவர் வந்தார். சொந்தமாக வேன் வாங்கியிருந்தார். "சாமியக் கொஞ்சம் கடல் காத்து வாங்க இட்டுகினு போறேன் டீச்சர். எத்தினி நாளு ஊட்லயே கெடப்பான்?" என்றார். தம்பியும் மறுக்காமல் ஏறி உட்கார்ந்தான். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். நானும் அனுப்பினேன்.

சாயங்காலம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வேன் நின்ற சத்தம் கேட்டது. பிறகு வாசலிலிருந்து அந்தக் குரல்.

"அக்கா! இன்னா கொழம்பு?"

நிமிர்ந்தேன். என் தம்பி சிரித்துக்கொண்டு நின்றான். தாடிக்குள் பழைய பல்வரிசை தெரிந்தது. அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள். "இன்னாடா சொன்ன? அக்கான்னா சொன்ன?"

"பின்ன, அவ அக்கா இல்லாம தங்கச்சியா? பசிக்குதும்மா. இன்னா கொழம்பு வெச்ச?"

"கத்திரிக்கா கொழம்புடா ராஜா."

"கருவாடு இல்லியா?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து கும்பிட்டாள். "ஐயப்பா, கண்ணத் தொறந்துட்டியா! எம் புள்ள விரதத்த முடிச்சி குடுத்துட்டியா!" கருவாடு கேட்டு வாங்கிவரப் பக்கத்து வீட்டுக்கு வெறுங்காலோடு ஓடினாள். அந்த வயதில் அவளால் ஓட முடியும் என்று எனக்குத் தெரியாது.

நான் எழுந்து அவன் பக்கத்தில் போனேன். ஓர் அடி தூரத்திலேயே தெரிந்துவிட்டது. சட்டையில் அந்த வாசனை. கண்கள் சிவந்து, மினுமினுத்தன.

"எங்கடா போனீங்க?"

"கடக்கரைக்குத்தாங்கா. பயய பசங்க ரெண்டு பேரு இருந்தானுங்க. ஒரே ஒரு இழுப்பு. கோச்சிக்காத. எத்தினி வருசம் ஆச்சுக்கா, இப்பத்தான் தலக்குள்ள ஜன்னலத் தொறந்தாப்ல கீது."

அவன் எப்போதுமே என்னிடம் பொய் சொன்னதில்லை. வாசலைப் பார்த்தேன். வேன் போய்விட்டிருந்தது. இந்த ஜன்னல் வழியாக என்ன உள்ளே வரும் என்று எனக்குத் தெரியும். இன்னும் சில நாளில் லைட்ஹவுஸ் வரும், ரேடியோக்காரர் வருவார், ஒருவேளை இந்தத் தடவை ஊசிக்கும் அடங்காமல் போகலாம். விடிந்ததும் அவனை டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும். இதைக் கருவாட்டோடு ஓடிவருகிற அம்மாவிடம் சொல்லவும் வேண்டும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தின் மேல் ஒரு சந்தோஷம் நின்றுகொண்டிருந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம்.

அவன் கை கழுவிவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தான்.

"அக்கா, சோறு போடு."

ஒரு கரண்டி போட்டேன். குழம்பை ஊற்றிப் பிசைந்து நாலு வாயில் தின்று தீர்த்தான்.

"அக்கா, இன்னும் கொஞ்சம்."

மறுபடி ஒரே ஒரு கரண்டி போட்டேன். பானை நிறையச் சோறு இருந்தது. தட்டை நிரப்பி வைத்திருந்தால் அவன் பேசாமல் சாப்பிட்டுவிடுவான். நான் கரண்டி கரண்டியாகத்தான் போட்டேன், ஒவ்வொரு கரண்டிக்கும் அவன் என்னைக் கூப்பிட வேண்டும் என்று.